பழைய சேர்லிஃப்டை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனிச்சறுக்கு மலை ஒன்றில் சேர்லிஃப்டை, அதாவது சறுக்குபவர்களை வடத்தில் தொங்கும் நாற்காலியில் மேலே ஏற்றும் அமைப்பை, மாற்றப் போகிறார்கள் என்று செய்தி வந்ததுமே கேள்விகளும் வந்துவிடும். "இத்தனை நாள் இந்தப் பழசிலா நம்மை ஏற்றினார்கள்?" என்பதில் தொடங்கி, "புதுசு வந்துவிட்டால் வரிசையே இருக்காதே" என்பது வரை. இந்தத் துறையை வெகுகாலமாகக் கவனித்து வருவதால், ஒரே சந்தேகங்கள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

சேர்லிஃப்ட் எப்படித்தான் ஓடுது? அதுல எதெல்லாம் தேயும்?

மலையடியில் ஒரு பெரிய கப்பிச் சக்கரம், மேலே இன்னொன்று. இரண்டையும் சுற்றி எஃகு வடம் ஒரே வளையமாக ஓடுகிறது. வழிநெடுகத் தூண்கள், தூண்களின் தலையில் ரப்பர் பட்டை கட்டிய உருளைகள். நாற்காலிகள் 'கிரிப்' என்ற பிடியால் வடத்தைக் கவ்விக்கொண்டு தொங்குகின்றன. மோட்டாரும் கியர்பாக்ஸும் ஏதாவது ஒரு நிலையத்தில் இருக்கும். வடம் தொய்யாமல் இழுத்துப் பிடிக்க, பழைய லிஃப்டுகளில் எடைக்கல் தொங்கும். புதியவற்றில் அந்த வேலையை ஹைட்ராலிக் செய்கிறது.

இந்த அமைப்பு பிறந்தது 1936-இல், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துச் சன் வேலியில். அந்த ரிசார்ட்டைக் கட்டியது யூனியன் பசிபிக் ரயில்வே. அதன் பொறியாளர் ஜேம்ஸ் கர்ரன், கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கொக்கிக் கன்வேயரைப் பார்த்து, கொக்கிக்குப் பதில் நாற்காலியைத் தொங்கவிடலாமே என்று யோசித்தார். அடிப்படை இன்றைக்கும் அதேதான்.

தேய்மானம் எல்லாவற்றிலும் ஒரே வேகத்தில் வருவதில்லை. உருளையின் ரப்பரும் பேரிங்கும் சீக்கிரம் தேயும். அடுத்து வடம், கிரிப், கியர்பாக்ஸ். மின்கட்டுப்பாட்டுப் பெட்டி தேய்வதைவிட, அதற்கு உதிரி கிடைக்காமல் போவதுதான் அதிகம். துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் தூண்கள் வெகுகாலம் நிற்கும். அதனால் ஒரு லிஃப்டுக்கு ஒரே வயது என்பது கிடையாது. கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

1970-களில் கட்டின லிஃப்ட் இன்னும் ஓடுது. நம்பி ஏறலாமா?

ஒழுங்காகப் பரிசோதனை நடக்கும் மலையில், ஏறலாம். அமெரிக்காவில் ஆன்சி பி77.1 என்ற தரவிதி, கனடாவில் சிஎஸ்ஏ இசட்98, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016/424 என்ற ஒழுங்குமுறையும் அதைச் சேர்ந்த தரவிதிகளும் இருக்கின்றன. கொலராடோ மாநிலம் இதற்கென்றே ஒரு பாதுகாப்பு வாரியத்தை 1965-இல் அமைத்தது. தினமும் காலையில் ஆள் ஏற்றும் முன் வெறுமனே ஓட்டிப் பார்ப்பது, பிரேக்குகளைச் சோதிப்பது, கிரிப்புகளைக் கழற்றிக் காந்தத் துகள் முறையில் நுண்விரிசல் தேடுவது, வடத்தின் உள்ளே அறுந்த இழைகள் உண்டா என்று காந்தக் கருவியால் பார்ப்பது என்று இந்த வேலை நாள், மாத, வருடக் கணக்கில் நடக்கிறது. அமெரிக்க விதிப்படி, 7 ஆண்டுகளுக்குள் ஒரு முறையாவது முழுப் பாரம் ஏற்றிப் பிரேக் சோதனை நடத்தியாக வேண்டும். தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களும் கேன்களும் நாற்காலிகளில் உட்கார்ந்து மலையேறுவதை நீங்கள் பார்த்திருந்தால், அது இந்தச் சோதனைதான்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 1970-களின் லிஃப்ட் என்று சொல்லும்போது, அதில் இன்னும் மிச்சமிருக்கும் 1970-களின் பாகங்கள் எத்தனை? வடம் மாறியிருக்கும், உருளைகள் பலமுறை மாறியிருக்கும், மோட்டாரும் கட்டுப்பாடும் மாறியிருக்கலாம். என்னைக் கேட்டால், லிஃப்டின் வயதைக் கேட்பதைவிட, கடைசியாக எதை எப்போது மாற்றினார்கள் என்று கேட்பதுதான் பயனுள்ள கேள்வி.

அப்போ ஒரு லிஃப்டோட ஆயுள் எத்தனை வருஷம்னு யாருமே சொல்ல மாட்டாங்களா?

வருடத்தோடு ஓடிய மணிநேரத்தையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். வாரக்கடைசியில் மட்டும் ஓடும் சிறிய மலையின் லிஃப்டும், குளிர்காலம் முழுக்கப் பனிச்சறுக்கு, கோடையில் மலைச் சைக்கிள் என்று ஓடும் பெரிய ரிசார்ட்டின் லிஃப்டும் ஒரே வருடம் கட்டியவையாக இருந்தாலும் ஒரே வயதுடையவை அல்ல. பிரான்சில் லிஃப்டைப் பிரித்துப் போட்டுப் பார்க்கும் பெரிய பரிசோதனை உண்டு. முதல் முறை 22,500 மணிநேரம் ஓடியதும் அல்லது 15 ஆண்டுகளில், எது முந்துகிறதோ அப்போது. அதற்குப் பிறகு இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். வயதாக ஆக மருத்துவரிடம் அடிக்கடி போவது போலத்தான். லிஃப்டைத் தூக்கிப் போடச் சொல்லும் விதி அல்ல இது. போகப் போகச் செலவை ஏற்றும் விதி. ஒரு கட்டத்தில் உரிமையாளரே கணக்குப் போட்டு, இனிப் புதியதுதான் லாபம் என்ற முடிவுக்கு வந்துவிடுவார்.

ஃபிக்ஸட் கிரிப், டிடாச்சபிள்னு சொல்றாங்களே, என்ன வித்தியாசம்?

ஃபிக்ஸட் கிரிப்பில் நாற்காலி வடத்தை விட்டுப் பிரியவே பிரியாது. வடம் என்ன வேகமோ, நீங்கள் உட்காரும் இடத்திலும் நாற்காலி அதே வேகத்தில் வரும். அதனால் நொடிக்கு 2.3 முதல் 2.5 மீட்டருக்கு மேல் ஓட்டுவது கடினம். ஏறும் இடத்தில் நகரும் பட்டை போட்டால், ஆளும் நாற்காலியோடு நகர்வதால், கொஞ்சம் வேகம் கூட்டலாம்.

டிடாச்சபிளில், நிலையத்துக்குள் நுழைந்ததும் கிரிப் திறந்து வடத்தை விட்டுவிடும். டயர்கள் வரிசையாகச் சுழன்று நாற்காலியை மெதுவாக்கி, நடக்கும் வேகத்தில் உங்களிடம் கொண்டுவரும். நீங்கள் உட்கார்ந்ததும் மறுபடி வேகப்படுத்தி, வடத்தைக் கவ்வவைத்து அனுப்பும். வெளியே வடம் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில், சில இடங்களில் 6 மீட்டரிலும், ஓடிக்கொண்டே இருக்கும். இந்த வகையில் உலகின் முதல் அதிவேக நான்கு இருக்கை லிஃப்ட், கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜில் 1981-இல் வந்த குவிக்சில்வர். டோப்பல்மயர் கட்டியது.

புதுசு எப்பவும் பழசைவிட நீடிச்சு உழைக்கும்தானே?

பலரும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். நிலைமை பெரும்பாலும் தலைகீழ். ஃபிக்ஸட் கிரிப்பில் அசையும் பாகங்கள் குறைவு. டிடாச்சபிளில் ஒவ்வொரு கிரிப்பும் நெம்புகோல், ஸ்பிரிங், உருளை என்று தனி இயந்திரம். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு நிலையங்களிலும் திறந்து மூடுகிறது. நிலையத்துக்குள் டயர்கள், பெல்ட்கள், கிரிப் சரியாகக் கவ்வியதா என்று பார்க்கும் உணரிகள் வேறு. அதனால்தான் 1970-களின் இரண்டு இருக்கை ஃபிக்ஸட் லிஃப்ட் ஒரு மூலையில் அமைதியாக ஓடிக்கொண்டிருக்க, அதே மலையில் 1980-களின் பிற்பகுதியில் வந்த அதிவேக லிஃப்டை முதலில் கழற்றுகிறார்கள். மேலே சொன்ன குவிக்சில்வரையே 1999-இல் ஆறு இருக்கை லிஃப்டாக மாற்றிவிட்டார்கள்.

அதிவேக லிஃப்ட் போட்டா வரிசை குறையும் இல்லையா?

அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

ஒரு லிஃப்ட் மணிக்கு எத்தனை பேரை ஏற்றும் என்பதை முடிவுசெய்வது வடத்தின் வேகம் அல்ல. ஏறும் இடத்தில் எத்தனை நொடிக்கு ஒரு நாற்காலி வருகிறது, அதில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதுதான். நான்கு இருக்கை நாற்காலி 6 நொடிக்கு ஒன்று வந்தால் மணிக்கு 600 நாற்காலி, 2,400 பேர். ஃபிக்ஸட் என்றாலும் டிடாச்சபிள் என்றாலும் இதே கணக்கு. நொடிக்கு 2.3 மீட்டர் ஓடும் லிஃப்டில் நாற்காலிகள் சுமார் 14 மீட்டர் இடைவெளியில் தொங்கும். 5 மீட்டர் ஓடுவதில் 30 மீட்டர் இடைவெளி. வேகமான லிஃப்டில் நாற்காலிகள் பாதிக்கும் குறைவு. அடுத்த முறை போகும்போது அண்ணாந்து பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இப்போது 1,500 மீட்டர் நீளமுள்ள ஒரு லிஃப்டை வைத்துக்கொள்வோம். அதை 800 பேர் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துகிறார்கள். மணிக்கு 2,400 பேர் என்றால் ஒவ்வொருவருக்கும் 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஏற வாய்ப்பு வரும். பழைய லிஃப்டில் மேலே போக 11 நிமிடம், சறுக்கி இறங்க 5 நிமிடம், மீதி 4 நிமிடம் வரிசையில். புதியதில் மேலே போக 5 நிமிடம்தான். இறங்க அதே 5. மீதி? 10 நிமிடம் வரிசையில். லிஃப்டில் மிச்சமான நேரம் முழுவதும் வரிசைக்குப் போய்விட்டது. ஒரு நாளில் எத்தனை முறை சறுக்கினீர்கள் என்பதும் மாறவில்லை.

கூட்டமே இல்லாத நாளில் கதை வேறு. வரிசை இல்லாதபோது 16 நிமிடச் சுற்று 10 நிமிடமாகிவிடும். வேகத்தின் பலன் முழுக்க உங்களுக்கே கிடைக்கும். உறையும் காற்றில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரம் பாதியாவதும் சின்ன விஷயமில்லை, குழந்தைகளோடு போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். உட்காரும்போது மெதுவாக வருவதால் புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவதும், அதனால் லிஃப்ட் நிற்பதும் குறையும். இவையெல்லாம் அதிவேக லிஃப்டுக்கு உண்மையான காரணங்கள். வரிசை குறையும் என்பதை மட்டும் தனியாகக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அப்போ ஆறு சீட், எட்டு சீட் போட்டா பிரச்சினை தீர்ந்துச்சே?

ஏற்றும் எண்ணிக்கை கூடும், உண்மைதான். எட்டு இருக்கை நாற்காலி 8 நொடிக்கு ஒன்று வந்தால் மணிக்கு 3,600 பேர். எட்டுப் பேரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் அந்தக் கணக்கு. ஐந்து பேரோடு போகும் நாற்காலிகளை எந்தக் கூட்டத்திலும் பார்க்கலாம். வரிசையை ஒழுங்குபடுத்தி, தனியாக வந்தவர்களைக் காலி இருக்கையில் சேர்க்கும் ஏற்பாடு இல்லாவிட்டால், கூடுதல் இருக்கைக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி வீண்தான்.

அதைவிட முக்கியமான கேள்வி: ஏறுபவர்கள் எங்கே இறங்கப் போகிறார்கள்? முந்தைய கேள்வியில் வரிசையில் நின்றவர்களை இப்போது சரிவுக்கு அனுப்புகிறோம். சரிவு அகலமாகவில்லை. குறுகலான, செங்குத்தான சரிவில் ஆள் அடர்த்தி கூடினால் மோதல்கள் கூடும், பனியும் சீக்கிரம் சுரண்டப்பட்டு வெறும் பனிக்கட்டியாகிவிடும்.

கொலராடோவின் அராப்பஹோ பேசின் இதை நன்றாக யோசித்திருக்கிறது. அங்கே பல்லவிசினி என்ற கடினமான பகுதிக்குப் போகும் 1978-ஆம் வருட இரண்டு இருக்கை லிஃப்டை 2020-இல் கழற்றிவிட்டு, புத்தம் புதிதாக இன்னொரு இரண்டு இருக்கை ஃபிக்ஸட் லிஃப்டையே போட்டார்கள். இயந்திரம் புதுசு, ஏற்றும் எண்ணிக்கை பழசு. மேலே போகும் கூட்டம் கூடக் கூடாது என்பதே காரணம். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. மலையைத் தெரிந்தவர்கள்தான் இப்படிச் செய்வார்கள்.

யூட்டாவின் பார்க் சிட்டியில் வேறு மாதிரி நடந்தது. அங்கே ஓர் எட்டு இருக்கை லிஃப்டும் ஓர் ஆறு இருக்கை லிஃப்டும் போட 2022-இல் திட்டமிட்டு, பாகங்களும் தயாராகிவிட்டன. உள்ளூர்வாசிகள் மேல்முறையீடு செய்தார்கள். மலை எத்தனை பேரைத் தாங்கும் என்ற கணக்கும், வருபவர்களின் கார்களுக்கு இடம் எங்கே என்ற கேள்வியும் எழுந்தன. திட்டமிடல் குழு அனுமதியைத் திரும்பப் பெற்றது. அந்த லிஃப்டுகள் கடைசியில் கனடாவின் விஸ்லருக்குப் போயின. லிஃப்டை மாற்றுவது கார் நிறுத்துமிடத்திலிருந்தே தொடங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

முழுசா மாத்தாம, கெட்டுப்போனதை மட்டும் மாத்தினா போதாதா?

பல நேரங்களில் போதும். சிறிய மலைகளுக்கு இதுவே புத்திசாலித்தனமான வழியும்கூட. வழக்கமாக முதலில் மாற்றுவது மின்கட்டுப்பாடு. பழைய டிசி மோட்டாருக்குப் பதிலாக ஏசி மோட்டாரும், வேகத்தைச் சீராகக் கூட்டிக் குறைக்கும் டிரைவும் வரும். ரிலே நிறைந்த பெட்டிக்குப் பதில் கணினிக் கட்டுப்பாடு. அதோடு, எந்தத் தூணில் பாதுகாப்பு மின்சுற்று அறுந்தது என்று திரையிலேயே தெரிந்துவிடும். மெக்கானிக் ஒவ்வொரு தூணாகத் தேடிப் போக வேண்டியதில்லை.

அடுத்து உருளைத் தொகுதிகள், பிரேக்குகள், வடம் உருளையை விட்டு விலகினால் உடனே லிஃப்டை நிறுத்தும் உணரிகள். நாற்காலியையும் கிரிப்பையும் தனியாக மாற்றலாம். ஆனால் ஒன்றைத் தொட்டால் இன்னொன்றையும் தொட வேண்டிவரும். நாற்காலியின் எடை கூடினால் வடத்தின் இழுவிசை மாறும். இழுவிசை மாறினால் தூண்களின் மீது வரும் பாரம் மாறும். அதனால் பெரிய மாற்றம் எதையும் பொறியாளர் கணக்கும் அதிகாரிகள் ஒப்புதலும் இல்லாமல் செய்ய முடியாது. ஒரு கட்டத்துக்கு மேல், பழைய லிஃப்டாக இருந்தாலும் இன்றைய விதிக்கு ஏற்ப இரு என்று சொல்லிவிடுவார்கள். அப்போது பகுதி பகுதியாக மாற்றுவதன் லாபம் போய்விடும்.

பழைய தூண்களையே வெச்சுக்கிட்டு மேல மட்டும் புதுசா போடலாமே?

அதே வகை, அதே அளவு லிஃப்ட் என்றால் சில இடங்களில் செய்கிறார்கள். இரண்டு இருக்கையிலிருந்து ஆறு இருக்கைக்குப் போகிறீர்கள் என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. ஏறும் வடத்துக்கும் இறங்கும் வடத்துக்கும் இடையே தேவைப்படும் அகலம் கூடும், பாரம் கூடும், தூண்கள் நிற்க வேண்டிய இடங்களும் மாறும். பல வருடம் உறைந்து உருகிய மண்ணில் நிற்கும் கான்கிரீட் அஸ்திவாரத்துக்குள் எஃகு எப்படி இருக்கிறது என்று உறுதிசெய்வதும் சுலபமில்லை. அதனால் பெரும்பாலும் புதுக் குழி, புது அஸ்திவாரம்.

லிஃப்டைக் கட்டின கம்பெனியே மூடிட்டா என்ன செய்வாங்க?

அமெரிக்காவில் இது பெரிய விஷயம். வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேனில் இருந்த ரிப்லெட் நிறுவனம் 400-க்கும் மேற்பட்ட சேர்லிஃப்டுகளைக் கட்டிவிட்டு 2003-இல் மூடிவிட்டது. அவற்றில் பல இன்னும் ஓடுகின்றன. ரிப்லெட்டின் பிடி தனி வகை: வடத்தை வெளியிலிருந்து கவ்வாமல், வடத்தின் புரிகளைப் பிரித்து உள்ளே செருகப்பட்டிருக்கும். எந்த வகை ஃபிக்ஸட் கிரிப் ஆனாலும் ஒரே இடத்தில் வடத்தைத் தேய்க்கக் கூடாது என்பதால் அவ்வப்போது நகர்த்த வேண்டும். ரிப்லெட்டில் அதைச் செய்யக் கை பழகிய ஆட்கள் வேண்டும். பாகங்களை மற்ற நிறுவனங்கள் செய்து தருகின்றன, கழற்றிய லிஃப்டுகளிலிருந்தும் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். ஆக, நிறுவனம் மூடினாலும் எளிமையான வடிவம் என்றால் லிஃப்ட் பிழைத்துக்கொள்ளும்.

யான் என்ற பெயரில் லிஃப்ட் கட்டிய லிஃப்ட் இன்ஜினியரிங் நிறுவனத்தின் டிடாச்சபிள்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1995 டிசம்பர் 23 அன்று விஸ்லரில் அவர்கள் கட்டிய குவிக்சில்வர் லிஃப்டில் (பிரெக்கன்ரிட்ஜில் இருந்தது வேறு) நாற்காலிகள் வடத்தில் வழுக்கி, ஒன்றோடொன்று மோதி விழுந்தன. இரண்டு பேர் இறந்தார்கள். கிரிப்பின் வடிவமே கேள்விக்குள்ளானது. அதன்பின் அந்த வகை லிஃப்டுகளின் கிரிப்புகளை மாற்றினார்கள், அல்லது லிஃப்டையே அகற்றினார்கள். நிறுவனமும் மூடப்பட்டது. இன்று புதிய லிஃப்ட் சந்தை பெரும்பாலும் ஆஸ்திரியாவின் டோப்பல்மயர் குழுமத்திடமும், லைட்னர், போமா இரண்டும் அடங்கிய குழுமத்திடமும் இருக்கிறது.

லிஃப்ட் பின்னாடி உருண்டு ஓடிடும்னு கேள்விப்பட்டேன். நிஜமா?

அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. மேலேறும் பக்கம் முழுக்க ஆட்கள், இறங்கும் பக்கம் காலி. மோட்டாருக்கும் கப்பிச் சக்கரத்துக்கும் இடையிலான இணைப்பு முறிந்தால் அந்தப் பாரம் எல்லாம் பின்னோக்கி இழுக்கும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துச் சுகர்லோஃபில் 2015 மார்ச்சில் கிங் பைன் என்ற லிஃப்டின் கியர்பாக்ஸில் தண்டு முறிந்து இப்படித்தான் நடந்தது, சிலர் காயமடைந்தார்கள். ஜார்ஜியா நாட்டின் குடௌரியில் 2018 மார்ச் 16 அன்று நடந்தது இன்னும் மோசம். மின்தடைக்குப் பிறகு லிஃப்ட் பின்னோக்கி வேகமெடுத்து, அடி நிலையத்தில் நாற்காலிகள் தூக்கியெறியப்பட்டுப் பலர் காயமடைந்தார்கள். அது அரை நூற்றாண்டுப் பழைய லிஃப்ட் அல்ல.

இதைத் தடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட ஏற்பாடுகள் உண்டு. மோட்டார் பக்கம் வழக்கமான பிரேக், கப்பிச் சக்கரத்தையே நேரடியாகப் பிடிக்கும் அவசரப் பிரேக், பின்னோக்கித் திரும்பினால் சக்கரத்தில் விழுந்து தடுக்கும் கட்டை. கியர்பாக்ஸ் முறிந்தால் முதல் பிரேக் பயன்படாது. மற்ற இரண்டும்தான் காப்பாற்ற வேண்டும். பழைய லிஃப்டில் வேறு எதற்கும் பணம் இல்லாவிட்டாலும், இந்த ஏற்பாடுகளைப் புதுப்பிக்கப் பணம் இருந்தாக வேண்டும்.

மாத்தணும்னு முடிவு பண்ணியாச்சு, அப்புறமும் ஏன் வருஷக்கணக்கா இழுக்கறாங்க?

வேலை செய்யக் கிடைப்பது பனி உருகியபின் அடுத்த பனி விழும்வரை உள்ள சில மாதங்கள்தான். அதற்குள் பழையதைக் கழற்றி, குழி வெட்டி, கான்கிரீட் போட்டு, தூண் நிறுத்தி, வடம் இழுத்து முனைகளைப் பின்னி, பாரச் சோதனையும் முடிக்க வேண்டும். சாலை இல்லாத சரிவுகளுக்குக் கான்கிரீட்டையும் தூண்களையும் ஹெலிகாப்டரில் கொண்டுபோகிறார்கள். பின்னலும் லேசான வேலையில்லை: வடத்தின் விட்டத்தைப் போல் 1,200 மடங்கு நீளத்துக்குப் புரிகளைப் பிரித்துக் கோக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. 40 மில்லிமீட்டர் வடத்துக்கு 48 மீட்டர்.

அதற்கு முன்னால் அனுமதி. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பல ரிசார்ட்டுகள் தேசிய வனநிலத்தில் இருப்பதால், வனத்துறையின் சுற்றுச்சூழல் ஆய்வு முடிய வேண்டும். தயாரிப்பாளர்கள் சிலரே என்பதால் ஆர்டரையும் வெகுமுன்பே கொடுக்க வேண்டும்.

இந்தக் காத்திருப்பில் ஆபத்தும் உண்டு. சுகர்லோஃபின் ஸ்பில்வே ஈஸ்ட் 1975-இல் கட்டியது, மாற்ற வேண்டிய பட்டியலில் ஏற்கெனவே இருந்தது. 2010 டிசம்பர் 28 அன்று பலத்த காற்றில் வடம் உருளைகளை விட்டு விலக, நாற்காலிகள் தரையில் விழுந்து எட்டுப் பேர் காயமடைந்தார்கள். அடுத்த வருடமே புதிய லிஃப்ட் வந்தது. மாற்றப் போகிறோம் என்று முடிவானபின் பழையதன் பராமரிப்பைத் தளர்த்தக் கூடாது. கடைசிப் பருவத்தில்தான் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

பழைய நாற்காலில தடுப்புக் கம்பியே இல்லையே?

வட அமெரிக்காவின் பழைய லிஃப்டுகள் பலவற்றில் இல்லை. ஐரோப்பாவில் அதை இறக்கி வைப்பது பழக்கமாகவே ஆகிவிட்டது. வெர்மான்ட் மாநிலத்தில் சட்டமே அப்படிச் சொல்கிறது. பழைய நாற்காலியில் பின்னால் பொருத்தலாம். எடைக் கணக்கு மட்டும் பார்க்க வேண்டும். சேர்லிஃப்டிலிருந்து மக்கள் விழுவதற்கு இயந்திரக் கோளாறைவிட, சரியாக உட்காராததும் நெளிந்து திரும்புவதும்தான் பெரும்பாலும் காரணம். ஆகவே குறைந்த செலவில் நிறையப் பயன் தரும் வேலை இது.

காத்து அடிச்சா புது லிஃப்டை நிறுத்திடறாங்க, பக்கத்துல பழசு ஓடிட்டே இருக்கு. எப்படி?

இரண்டும் போகும் இடம் ஒன்றா என்று முதலில் பாருங்கள். அதிவேக லிஃப்ட் பெரும்பாலும் நீளமானது, மரங்களைத் தாண்டி முகடுவரை போவது. குமிழ் மூடி வைத்த நாற்காலி காற்றை அதிகம் வாங்கும். ஆடிக்கொண்டே நிலையத்துக்குள் வேகமாக நுழையவும் விட முடியாது. அதனால் திட்டமிடும்போதே, காற்று நாளில் ஓட ஒரு தாழ்வான லிஃப்டை விட்டுவைப்பது நல்லது. அந்தப் பழைய இரண்டு இருக்கையை அகற்றச் சொல்வதற்கு முன் இதை யோசியுங்கள்.

பழசை அப்படியே வெச்சுக்கணும்னு சிலர் சண்டை போடறாங்களே, ஏன்?

வெறும் பழம்பெருமை என்று தள்ளிவிட வேண்டாம். வெர்மான்ட்டின் மேட் ரிவர் க்ளென் 1995 முதல் சறுக்குபவர்களின் கூட்டுறவுக்குச் சொந்தமானது. அங்கே 1948-இல் வந்த ஒற்றை இருக்கை லிஃப்ட் தேய்ந்தபோது, உறுப்பினர்கள் இரண்டு இருக்கைக்குப் போகாமல், ஒற்றை இருக்கையாகவே 2007-இல் பழுதுபார்த்துப் புதுப்பித்தார்கள். குறைவான பேர் மேலே போவதால்தான் அங்கே இயற்கைப் பனி நீடிக்கிறது, சரிவில் இடம் இருக்கிறது. அராப்பஹோ பேசின் எடுத்த அதே முடிவு, வேறு வழியில்.

கழட்டின லிஃப்ட் என்ன ஆகும்?

நாற்காலிகளைத் தனித்தனியாக விற்றுவிடுவார்கள். வீட்டு முற்றத்தில் ஊஞ்சலாகிவிடும். எஃகு உருக்குக்குப் போகும். நல்ல நிலையில் இருந்தால் முழு லிஃப்டும் வேறு மலைக்குப் போகும். சன் வேலியில் 1939-இல் கட்டிய ஒற்றை இருக்கை லிஃப்ட் அலாஸ்காவின் கார்டோவாவுக்கு இடம்பெயர்ந்து, அங்கே மவுண்ட் ஏயக்கில் 1974 முதல் ஓடுகிறது. பழைய லிஃப்ட் வாங்க நினைக்கும் மலைகளுக்கு ஒன்று: வாங்கும் விலை சிறிய பகுதிதான். கழற்றுவது, கொண்டுவருவது, புது அஸ்திவாரம், புதுக் கட்டுப்பாடு, புது வடம் எல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

எங்க மலை சின்னது, பணம் கம்மி. எதை முதல்ல செய்யறது?

பிரேக், பின்னோட்டத் தடுப்பு, வடம் விலகலைக் கண்டுபிடிக்கும் உணரிகள். இவற்றில் சமரசமே வேண்டாம். அப்புறம் துணை எஞ்சின்: மின்சாரம் போனால் ஆட்களை மேலே கொண்டுசேர்க்க வேண்டிய டீசல் எஞ்சின் குளிரில் உடனே கிளம்புகிறதா என்று அடிக்கடி ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பின் மின்கட்டுப்பாடு. ஏறும் இடத்தைச் சமப்படுத்துவது, தேவைப்பட்டால் நகரும் பட்டை போடுவது ஆகியவை லிஃப்ட் அடிக்கடி நிற்பதைக் குறைக்கும். நிற்காமல் ஓடும் பழைய லிஃப்ட், நிமிடத்துக்கு நிமிடம் நிற்கும் புதியதைவிட அதிகம் பேரை ஏற்றும்.

இத்தனைக்கும் பிறகு முழுதாக மாற்றத்தான் வேண்டும் என்றால், புதிய ஃபிக்ஸட் கிரிப் நான்கு இருக்கையைக் கௌரவக் குறைவாக நினைக்காதீர்கள். டிடாச்சபிளைவிட விலை வெகுவாகக் குறைவு, பராமரிக்கக் குறைந்த ஆட்கள் போதும். ஒரு கிலோமீட்டருக்கு உட்பட்ட லிஃப்டில் நேர வித்தியாசம் மூன்று, நான்கு நிமிடம்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் தயாரிப்பாளரிடம், உதிரி பாகங்களை எத்தனை ஆண்டுகளுக்குத் தருவீர்கள், கட்டுப்பாட்டு மென்பொருளை எங்கள் மெக்கானிக்கே திறந்து பார்க்க முடியுமா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.